காரணம் எழுதாத விழுக்காடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசிய இராணுவத்தில் பணியாற்றி, முழங்கால், தோள், கணுக்கால் என்று மூட்டுகளில் அடிபட்டு வெளியே வந்த நம் முன்னாள் வீரர்களுக்கு உடற்குறை விழுக்காடு, அதாவது காயத்தால் உடலுக்கு ஏற்பட்ட இழப்பின் அளவு, எப்படி முடிவு செய்யப்படுகிறது, அது குறைவாக இருந்தால் அவர்கள் எதை வைத்துக்கொண்டு முறையிடுவது என்பதைப் பற்றி உங்கள் நாளிதழ் வழியாகச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயன்முறை சிகிச்சையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் அண்ணன் இருபத்தொரு ஆண்டுகள் தரைப்படையில் இருந்தவர். மூட்டை அளப்பவளாகவும், அளக்கப்பட்டவரின் தங்கையாகவும் இந்த விவகாரத்தைப் பார்த்திருக்கிறேன் என்பதால்தான் எழுதத் துணிந்தேன்.

அண்ணன் 1974-இல் படையில் சேர்ந்தார். எங்கள் அப்பா நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மகன் சீருடையில் வந்து நின்ற அன்று லயத்தில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். கெரிக்கையும் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலை, 1982-இல் திறக்கப்படுவதற்கு முன், காட்டை வெட்டிப் போடப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் அண்ணனின் பிரிவு அந்தப் பக்கத்துக் காடுகளில் ரோந்து போனது. மழை பெய்து ஓய்ந்த ஒரு சரிவில், முதுகில் முழுச் சுமையோடு இறங்கும்போது வலது கால் மர வேர்களுக்கு இடையில் மாட்டி, உடம்பு ஒரு பக்கமும் முழங்கால் ஒரு பக்கமும் திரும்பிவிட்டது. உடன் இருந்த மருத்துவ உதவியாளர் துணிக்கட்டுப் போட்டு, வலி மாத்திரை கொடுத்தார். அதோடு நான்கு நாள் நடந்துதான் அண்ணன் வெளியே வந்தார். முகாமுக்குத் திரும்பியதும் வீக்கம் குறைந்திருந்தது. காட்டில் நடந்ததை யாரும் எந்தத் தாளிலும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று அண்ணனுக்கும் தோன்றவில்லை. கால் போன தோழர்கள் இருந்த இடத்தில் முழங்கால் சுளுக்கைப் பெரிதாகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

முழங்காலுக்குள், தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே, பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்புத் தட்டுகள் இருக்கின்றன. அவற்றின் உள்விளிம்புக்கு இரத்த ஓட்டம் கிடையாது. அங்கே கிழிசல் விழுந்தால் பெரும்பாலும் அது தானாக ஆறாது. வீக்கம் வடிந்துவிடும், ஆள் நடப்பார், ஓடுவார், காயம் ஆறிவிட்டதென்று எல்லாரும் நினைப்பார்கள். ஆனால் அந்தத் தட்டிலோ, மூட்டை உள்ளிருந்து பிடித்துக்கொள்ளும் முன்குறுக்குத் தசைநாரிலோ கிழிசல் ஏற்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 10 முதல் 20 ஆண்டுகளுக்குள் மூட்டுத் தேய்மானமும் அதன் வலியும் வந்துவிடுவதாக மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. அதாவது, இருபத்தைந்து வயதில் விழுந்த அடிக்கு நாற்பது வயதில்தான் கணக்குத் தெரியும். படையை விட்டு வெளியேறும் நாளில் செய்யப்படும் பரிசோதனையில் அந்தக் கணக்கு முழுதாகத் தெரிவதே இல்லை. அண்ணன் 1995-இல் வெளியே வந்தார். அப்போது அவருக்குக் கிடைத்தது பத்து விழுக்காடு. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அறுபது வயதுக்குள் அந்தக் கால் வெளிப்பக்கமாக வளைந்துவிட்டது. முன்பெல்லாம் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளைப் பால்குடத்தோடு ஒரே மூச்சில் ஏறியவர். இப்போது அடிவாரத்திலேயே பால்குடத்தை என் மகனிடம் கொடுத்துவிட்டு, மலையைப் பார்த்துக் கும்பிட்டு நிற்கிறார். ஏறுவதைவிட இறங்குவதுதான் அவருக்குப் பயம். தேய்ந்த மூட்டு உள்ள எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். படி இறங்கும்போது முழங்காலின் மேல் விழும் பாரம் உடல் எடையைப் போல் மூன்று மடங்குக்கும் மேல்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் மறுமதிப்பீடு கேட்டு எழுதினோம். அழைப்பு வந்தது. எந்த அலுவலகம், எந்த மருத்துவமனை என்று நான் சொல்லப்போவதில்லை. அன்று அங்கே இருந்த மருத்துவர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமும் இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். காலை பத்து மணி. அண்ணன் அதற்கு முன் இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து காலுக்கு ஓய்வு கொடுத்திருந்தார். உள்ளே போனதும் படுக்கச் சொன்னார்கள். காலை மடக்கச் சொன்னார்கள். மடக்கினார். இளம் மருத்துவர் ஒருவர் கோணமானியை முழங்காலின் பக்கத்தில் வைத்து, ஒரு முறை அளந்து, 125 பாகை என்று எழுதிக்கொண்டார். நல்ல முழங்கால் 135 முதல் 140 பாகை வரை மடங்கும். ஆகவே தாளில் பார்த்தால் அண்ணனுக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. மடக்கும்போது அவர் வலது கை கட்டிலின் இரும்பு விளிம்பைப் பிடித்த பிடியில் விரல் மூட்டுகள் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். அளந்தவரின் கண் கோணமானியில் இருந்தது. இன்னொரு முறை மடக்கச் சொல்லவில்லை. எழுந்து நிற்கச் சொல்லி, நின்றபடி மடக்கச் சொல்லவில்லை. மற்றக் காலை அளந்து ஒப்பிடவில்லை. எந்த நாளில் அதிகம் வலிக்கும், அப்போது என்ன செய்ய முடியாமல் போகிறது என்று கேட்கவில்லை. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஆறு வாரம் கழித்து வந்த கடிதத்தில் இரண்டே வரி. பரிசோதனை செய்யப்பட்டது, தற்போதுள்ள விழுக்காடே தொடரும். எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார்கள், நாங்கள் கொடுத்த எக்ஸ்ரேயைப் படித்தார்களா, காயம் பணியில் ஏற்பட்டதை ஏற்றுக்கொண்டு அளவைத்தான் மறுக்கிறார்களா, இல்லை காயத்தையே ஏற்கவில்லையா, எதுவும் அதில் இல்லை. எத்தனை நாளுக்குள், யாரிடம் முறையிடலாம் என்ற வரியும் இல்லை. இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு எதற்கு எதிராக முறையிடுவது? நான் சொல்ல வந்த குறை இதுதான், ஆசிரியர் அவர்களே. விழுக்காடு குறைவாக இருப்பது ஒரு வருத்தம். ஆனால் அதன் காரணத்தை எழுதாமல் விடுவது, முறையிடும் உரிமையையே கையில் கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொள்வதற்குச் சமம்.

இதே பிரச்சினையை மற்ற நாடுகள் எப்படிக் கையாள்கின்றன என்று ஓய்வுக் காலத்தில் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மதிப்பீட்டு அட்டவணையும் கோணத்தை வைத்துத்தான் தொடங்குகிறது. முழங்கால் 60 பாகைக்கு மேல் மடங்காவிட்டால் 0 விழுக்காடு, 45 பாகையோடு நின்றால் 10, 30 பாகையோடு நின்றால் 20, 15 பாகையோடு நின்றால் 30. அட்டவணையை மட்டும் பார்த்தால் அது நம்மைவிடக் கடுமையானது என்றுகூடச் சொல்லலாம். அண்ணனைப் போல் 125 பாகை மடக்குகிறவருக்கு அங்கே எதுவுமே கிடைக்காது. ஆனால் அட்டவணைக்குப் பக்கத்திலேயே இன்னொரு விதியும் இருக்கிறது. காயத்தால் ஒரு மூட்டு அசையும்போது உண்மையாகவே வலித்தால், கோணம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்த மூட்டுக்கு இழப்பீடு கிடைக்கக்கூடிய மிகக் குறைந்த விழுக்காட்டையாவது கொடுக்க வேண்டும் என்பதே அது.

அதற்கு மேல், அந்நாட்டில் படைவீரர் முறையீடுகளுக்கென்று 1988-இல் உருவாக்கப்பட்ட தனி நீதிமன்றம் ஒவ்வொரு வழக்காக இந்தப் பரிசோதனையைச் செப்பனிட்டு வந்திருக்கிறது. 1995-இல் டெலுக்கா வழக்கில், ஒரு முறை அளந்த கோணம் போதாது, வலியாலும் களைப்பாலும் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதாலும் மூட்டு எவ்வளவு செயலிழக்கிறது என்பதையும் பரிசோதிப்பவர் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பானது. 2016-இல் கொரேயா வழக்கில், நோயாளி தானாக அசைக்கும்போதும் பிறர் அசைத்துவிடும்போதும், பாரம் தாங்கும் நிலையிலும் தாங்காத நிலையிலும், முடிந்தால் மறுபக்க மூட்டோடு ஒப்பிட்டும் சோதிக்க வேண்டும் என்றது. மறு ஆண்டு ஷார்ப் வழக்கில், வலி கூடிய நாளில் தாம் நேரில் பார்க்கவில்லை என்பதற்காக மருத்துவர் கையை விரித்துவிடக் கூடாது, வீரர் சொல்வதையும் மற்ற ஆதாரங்களையும் வைத்து அந்த நாள்களின் இழப்பை மதிப்பிட முயல வேண்டும் என்றது. இந்த மூன்றையும் படித்தபோது, அண்ணன் படுத்திருந்த அந்தக் கட்டில்தான் என் கண்முன் வந்தது. அன்று எதையெல்லாம் செய்யவில்லை என்று நான் மனத்துக்குள் எண்ணினேனோ, அதையெல்லாம் யாரோ ஒரு வீரர் வேறொரு நாட்டில் வழக்காடிச் சட்டமாக்கியிருக்கிறார்.

அங்கே மறுப்புக் கடிதத்திலும் இன்னின்னவை இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எந்த ஆதாரங்களைப் பார்த்தோம், எந்த விதியைப் பயன்படுத்தினோம், வீரருக்குச் சாதகமாக எதை ஏற்றுக்கொண்டோம், எந்த நிபந்தனை நிறைவேறாததால் மறுத்தோம் என்பதை எழுத வேண்டும். சாதகமாக ஏற்றுக்கொண்டதை அடுத்த அதிகாரி சும்மா தள்ளிவிட முடியாது. 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் உள்ள முறைப்படி, முடிவு வந்த ஓராண்டுக்குள் வீரருக்கு மூன்று வழிகள் உண்டு. புதிய ஆதாரத்தோடு மீண்டும் கேட்கலாம், அதே கோப்பை மூத்த அதிகாரி ஒருவரைப் புதிதாகப் பார்க்கச் சொல்லலாம், அல்லது மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். இரு பக்க ஆதாரமும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் ஐயத்தின் பலன் வீரருக்கே. அமெரிக்க முறையிலும் தாமதமும் குறையும் உண்டு, அங்குள்ள வீரர்களும் புலம்பத்தான் செய்கிறார்கள். அதன் செல்வத்தை நாம் இறக்குமதி செய்ய முடியாது. ஆனால் காரணத்தை எழுதுவதற்குச் செல்வம் தேவையில்லை.

அமெரிக்கா வேண்டாம் என்றால் இந்தியாவைப் பார்க்கலாம். அங்கே உச்ச நீதிமன்றம் 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் சொன்னது நம் வீரர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. படையில் சேரும்போது ஒருவரின் உடலில் குறை எதுவும் குறிக்கப்படாதிருந்தால், அவர் நல்ல உடல்நலத்தோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னால் உடல்நலக் குறைவால் பணியிலிருந்து அனுப்பப்பட்டால் அது பணியால் வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு வீரருடையது அல்ல. அப்படியில்லை என்று மருத்துவக் குழு கருதினால் அதற்கான காரணத்தை எழுத வேண்டும். எழுதப்பட்ட காரணத்தைப் பற்றி அங்கும் நீதிமன்றம் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

நம் நாட்டிலேயே தொழிலாளர்களுக்கு இதைவிடத் தெளிவான வழி இருக்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், வேலையில் அடிபட்டவரின் நிரந்தர உடற்குறையைச் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் மருத்துவர் வாரியம் மதிப்பிடுகிறது. முடிவில் திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் மேல்முறையீட்டு மருத்துவர் வாரியத்திடம் போகலாம். பக்கத்து ஊரான பிறையில் தொழிற்சாலை வேலை செய்யும் நம் ஆட்களில் பலருக்கு இந்த 90 நாள் கணக்கு மனப்பாடம். தொழிற்சங்கத்தார் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். படையை விட்டு வந்து காவலாளியாகவோ லோரி ஓட்டுநராகவோ வேலைக்குப் போன முன்னாள் வீரர்கள், அந்த வேலையில் அடிபட்டால் சொக்சோவுக்குப் போகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். நாட்டுக்காகப் பட்ட பழைய காயத்துக்கு எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

எங்கள் தாமான் குடியிருப்புக்கு அருகில் உள்ள கோப்பிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனோடு நான்கைந்து முன்னாள் வீரர்கள் கூடுவார்கள். அவர்களில் ஒருவர் தகவல் தொடர்புப் பிரிவில் வயர்லெஸ் பெட்டியை ஆண்டுக்கணக்கில் தோளில் சுமந்தவர். மருத்துவர் முன்னால் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிவிடுவார். ஆனால் வீட்டில் துணி காயப்போடும்போது மூன்றாவது சட்டை வருவதற்குள் கை தானாகக் கீழே இறங்கிவிடும். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். முதல் சட்டை, இரண்டாவது சட்டை, மூன்றாவதை மனைவி வாங்கிக்கொள்வார். இந்தத் தோளுக்குக் கோணமானி தரும் எண் ஒன்று, கொடிக் கம்பி தரும் எண் வேறொன்று. என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன், கோணத்தைக்கூட நாம் நினைக்கிற அளவுக்கு நம்ப முடியாது. அளப்பவர் மாறினால் ஒரே மூட்டில் ஐந்து பாகை வரை வேறுபாடு வருவது சாதாரணம்.

நான் அவர்களிடம் முறையீடு பற்றிப் பேசியபோது, எதிர்ப்பு வந்தது அலுவலகத்திலிருந்து அல்ல, அவர்களிடமிருந்துதான். "விடும்மா, அரசாங்கம் சோறு போட்டது, மறுபடி போய்க் கை நீட்டணுமா?" என்றார் அண்ணன். இந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. விழுக்காடு என்பது தானம் அல்ல. சேவையின்போது ஏற்பட்ட இழப்பின் அளவு. அளவு தவறாக இருக்கிறது என்று சொல்வது நன்றி மறப்பது ஆகாது. சம்பளச் சீட்டில் கூட்டல் தவறு இருந்தால் போய்க் கேட்க மாட்டோமா?

ஆகவே இதைப் படிக்கும் முன்னாள் வீரர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. பரிசோதனைக்குப் போகும் முன், குறைந்தது இரண்டு மாதம் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். எந்த நாள் வலி கூடியது, அன்று எத்தனை படி ஏற முடிந்தது, எவ்வளவு நேரம் நிற்க முடிந்தது, இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள், எந்த மாத்திரை சாப்பிட்டீர்கள். காயம் நடந்ததற்குத் தாள் இல்லையென்றால், அன்று உடன் இருந்த தோழர் இன்னும் உயிரோடு இருக்கும்போதே அவர் கண்டதை அவர் கையாலேயே எழுதி, தேதியும் பழைய படை எண்ணும் குறித்து, கையெழுத்து வாங்கிவிடுங்கள். இதில் தாமதம் கூடாது. அண்ணனுக்குக் கட்டுப் போட்ட அந்த மருத்துவ உதவியாளரைத் தேடிப்போனபோது, அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வலி மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், எப்போது சாப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்து. வலித்தால் வலிக்கிறது என்று அந்த இடத்திலேயே, அந்தக் கோணத்திலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். படையில் பல்லைக் கடித்துக்கொண்டு பழகியவர்களுக்கு இதுதான் மிகவும் கடினம் என்று எனக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்லாத வலியைத் தாளில் எழுதிக்கொள்ள யாராலும் முடியாது.

தற்காப்பு அமைச்சுக்கும், முன்னாள் வீரர் நலனைப் பார்க்கும் துறைக்கும், நம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் நான் கேட்பது பெரிய தொகை அல்ல. மதிப்பீட்டுப் படிவத்தில் கோணத்துக்கு இருக்கும் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னும் சில கட்டங்கள் வேண்டும். திரும்பத் திரும்ப மடக்கிய பிறகு எவ்வளவு, நின்றபடி எவ்வளவு, எந்தக் கோணத்தில் வலி தொடங்குகிறது, மோசமான நாளில் வீரர் என்ன செய்ய முடியாமல் போகிறார். முடிவுக் கடிதத்தில் காரணமும், பார்த்த ஆதாரங்களும், எத்தனை நாளுக்குள் யாரிடம் முறையிடலாம் என்பதும் மலாயில் அச்சிட்டிருந்தால் போதும், எங்கள் வீட்டில் அதைப் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறோம். முன்னாள் வீரர் சங்கங்கள் ஆண்டுக் கூட்டத்தில் இந்த ஒரு தீர்மானத்தையாவது நிறைவேற்றி அனுப்ப வேண்டும்.

அண்ணன் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார். இப்போது நீல நிற நோட்டு ஒன்றில் ஒவ்வொரு இரவும் எழுதுகிறார். எழுத்து இன்னும் படையில் பழகிய அதே நேர்கோட்டு எழுத்து. காரணத்தைக் கேட்டு நாங்கள் எழுதிய கடிதம் கடந்த மாதம் பதிவுத் தபாலில் போயிருக்கிறது. பதில் வந்ததும், அது எப்படி இருந்தாலும், உங்களுக்கு மீண்டும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயன்முறை சிகிச்சையாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு